பிரேக் லீவரும் கிளட்ச் லீவரும் செட்டாகத்தான் வாங்க வேண்டுமா?

பார்க்கிங்கில் பக்கத்து வண்டிக்காரர் தன் வண்டியைப் பின்னால் இழுக்கும்போது லேசாக இடித்தாலே போதும், சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டி சாய்ந்துவிடும். ஹேண்டில் பார் முனையோடு சேர்ந்து லீவரும் தரையில் மோதும். இடப்பக்கம் விழுந்தால் கிளட்ச், வலப்பக்கம் விழுந்தால் பிரேக். சில சமயம் லீவர் வளையும், சில சமயம் நுனிக் குண்டு தெறிக்கும், சில சமயம் பாதியில் முறியும். ஒரு தடவைகூட விழாத வண்டியிலும் பல வருட ஓட்டத்தில் போல்ட் துளை தேய்ந்து லீவர் மேலும் கீழும் ஆட ஆரம்பிக்கும்.

மாற்றலாம் என்று தேடினால் கண்முன் வந்து நிற்பது பெரும்பாலும் ஜோடி ஜோடியாகத்தான். சிவப்பு, தங்கம், நீலம் எனப் பளபளக்கும், கணினி இயந்திரத்தில் வெட்டிய சி.என்.சி. லீவர் செட்டுகள். 'எந்த செட் நல்லது?' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியிலேயே உடன்பாடு இல்லை. இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் வேலை வேறு, கோளாறு வந்தால் விளைவும் வேறு. கிளட்ச் லீவர் சரியில்லை என்றால் கை வலிக்கும், கியர் முரண்டு பிடிக்கும், போகப் போக கிளட்ச் பிளேட் தேயும். பிரேக் லீவர் சரியில்லை என்றால் வண்டி நிற்காது, அல்லது நிற்கக்கூடாத இடத்தில் தானாக நிற்கும். அதனால் இரண்டையும் தனித்தனியாக முடிவு செய்வதே சரி. நிறம் பொருந்தவில்லை என்று வருத்தப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை: ஓட்டும்போது அது உங்கள் கண்ணில் படப்போவதில்லை.

இங்கே நான் மனதில் வைத்துப் பேசுவது முன்னால் டிஸ்க் பிரேக், கேபிள் கிளட்ச் உள்ள வண்டிகளை. கிளாசிக் 350, பல்சர், அப்பாச்சி, டியூக் 390 எல்லாம் இந்த வகைதான். டிரம் பிரேக் வண்டிகளையும் ஸ்கூட்டரையும் கடைசியில் பார்க்கலாம்.

பழையதையே நிமிர்த்தினால் என்ன?

நிறைய பேர் முதலில் கேட்பது இதைத்தான். மெக்கானிக்கும் 'சூடு காட்டி நிமிர்த்திடலாம்' என்பார். லீவர் அலுமினியக் கலவையால் ஆனது. இரும்புக் கம்பியை வளைத்து நிமிர்த்துவது போல அதை நிமிர்த்த முடியாது. ஒரு முறை வளைந்த இடத்தில் அது இறுகிப்போயிருக்கும்; திரும்ப வளைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். சூடு காட்டினால் வளைவது சுலபம், ஆனால் அந்த உலோகத்துக்குத் தொழிற்சாலையில் ஏற்றிய உறுதி போய்விடும். அந்த லீவர் சும்மா நிற்கும்போது உடையாது. திடீரென்று முழு பலத்தோடு அழுத்தும் அந்த ஒரு நொடியில்தான் உடையும். வெல்டிங்குக்கும் இதே கதைதான்.

நுனியில் லேசாக வளைந்த கிளட்ச் லீவரை அப்படியே விட்டுவிட்டு ஓட்டுவது பரவாயில்லை. பிரேக் லீவரில் அதுவும் வேண்டாம். நுனிக் குண்டு மட்டும் போயிருந்தால் விரல் வைக்க இடம் இருக்கிறதே என்று தோன்றும். அந்தக் குண்டு அழகுக்காக வைத்ததல்ல. ஈரக் கையில் விரல் வழுக்கி வெளியே போகாமல் தடுப்பது அதுதான். விழும்போது கூர்முனை உடம்பில் குத்தாமல் காப்பதும் அதுதான். பந்தய வண்டிகளில்கூட லீவர் நுனி குண்டாக இருக்க வேண்டும் என்பது விதி.

ஒன்று கவனித்துப் பாருங்கள்: சில லீவர்களில் நுனிக்குச் சற்று முன்னால் ஒரு சின்னப் பள்ளம் வெட்டியிருக்கும். விழுந்தால் அந்த இடத்தில் உடைந்து, வீடு திரும்பும் அளவுக்காவது மீதி லீவர் மிஞ்சட்டும் என்று வேண்டுமென்றே செய்தது அது. பழுது என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

கம்பெனி லீவர், லோக்கல் லீவர்

தினசரி ஓட்டும் சாதாரண வண்டிகளுக்குக் கம்பெனி லீவர் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். போல்ட் துளை, கேபிள் குண்டு உட்காரும் இடம், பிரேக் லைட் சுவிட்சை அழுத்தும் நாக்கு, பிரேக் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் முகம் என்று எல்லா அளவும் அந்த வண்டிக்கே செய்ததாக இருக்கும். மாட்டினால் வேலை முடிந்தது. குறை என்று சொன்னால், உங்கள் கை அளவு அதற்குத் தெரியாது. எல்லோருக்கும் ஒரே அளவு. இப்போது கம்பெனிகளே கொஞ்சம் இறங்கி வந்திருக்கின்றன. 2023-இல் புதுப்பித்து வந்த ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-இல் கம்பெனியிலிருந்தே, கைக்கு ஏற்றபடி தூரத்தை மாற்றிக்கொள்ளும் அட்ஜஸ்டபிள் லீவர் வருகிறது. உங்கள் வண்டிக்கும் கம்பெனியே அப்படி ஒன்று விற்கிறதா என்று ஷோரூம் ஸ்பேர்ஸ் கவுண்டரில் முதலில் கேளுங்கள். இருந்தால் மேற்கொண்டு தேடவே வேண்டாம்.

அதே வடிவத்தில் பாதி விலைக்கு லோக்கல் லீவர் கிடைக்கும். கையில் எடுத்ததும் வித்தியாசம் தெரியும்: வார்ப்புக் கோடு விரலில் உறுத்தும், துளை ஓரத்தில் பிசிறு இருக்கும். கிளட்ச் பக்கம் அவசரத்துக்கு இதை மாட்டிக்கொள்ளலாம். உடைந்தாலும் சமாளித்து வீடு சேர்ந்துவிடலாம். பிரேக் பக்கம் மாட்டச் சொல்ல எனக்கு மனம் வராது. நூறு, இருநூறு மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அது அல்ல. கம்பெனி பெயரிலேயே டூப்ளிகேட்டும் உலாவுவதால், பாக்கெட்டில் பார்ட் நம்பரும் எம்.ஆர்.பி. ஸ்டிக்கரும் தெளிவாக அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு வாங்குவது நல்லது.

சென்னையில் இருப்பவர்களுக்குப் புதுப்பேட்டை என்ற இன்னொரு வழியும் உண்டு. கழற்றிய வண்டிகளின் ஒரிஜினல் லீவர் அங்கே கிடைக்கும். ஓடுகிற மாடலுக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. 1996-இல் உற்பத்தி நின்ற யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்ற வண்டி வைத்திருப்பவர்களுக்குப் புதிய லோக்கலைவிடப் பழைய ஒரிஜினலே மேல். வாங்கும்போது ஒரு போல்ட்டைத் துளைக்குள் விட்டு ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் அதை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

பளபளக்கும் சி.என்.சி. லீவர்

இதில் நியாயமான லாபம் ஒன்றே ஒன்றுதான்: லீவரைக் கிரிப்புக்குப் பக்கமாகவோ தள்ளியோ வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் ஆறு நிலை வரை மாற்றும் ஒரு சக்கரம் இருக்கும். சிறிய கை உள்ளவர்களுக்கு இது பெரிய வரம். பல பெண்கள் வண்டியே சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் லீவர் தூரத்தினால்தான். கிரிப்பில் உள்ளங்கை முழுதாகப் பதிந்திருக்கும்போது விரலின் நுனி மட்டும் லீவரைத் தொட்டால் தூரம் அதிகம் என்று அர்த்தம். விரலின் நடுக்கணு லீவரில் மடங்கி உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால்தான் ஒரு மணி நேர நெரிசலுக்கும் கை தாங்கும்.

லீவரைப் பக்கமாகக் கொண்டுவருவதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. கிளட்ச் லீவர் கிரிப்பைத் தொடும்வரை இழுக்கும் தூரத்துக்குள் கிளட்ச் தன் பிடியை முழுதாக விட வேண்டும். ரொம்பப் பக்கமாக வைத்தால் தூரம் போதாது. சிக்னலில் நியூட்ரல் விழாது. முதல் கியரில் கிளட்சை முழுதாகப் பிடித்தும் வண்டி முன்னால் நகரப் பார்க்கும். அந்த நிலையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் பிளேட்டுக்குக் கேடு. பிரேக் பக்கம் இன்னும் மோசம்: அவசரத்தில் இழுக்கும்போது பிரேக் முழுதாகப் பிடிப்பதற்குள் லீவர் கிரிப்பில் போய் இடித்துவிடும்.

இந்த வகையில் விலை வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. பெயரே இல்லாத செட் ஆயிரம், இரண்டாயிரத்துக்கு வரும். பெயர் பெற்ற வெளிநாட்டு செட் என்றால் ஐந்து இலக்கம் போகும். முன்னதில் பெரும்பாலானவை பின்னதைப் பார்த்து அச்சடித்த நகல்கள். சி.என்.சி.-யில் வெட்டியது, 6061 ரக அலுமினியம் என்றெல்லாம் இரண்டு பெட்டியிலும் எழுதியிருக்கும். உலோகத்தின் பெயர் சரியாகவே இருந்தாலும் வித்தியாசம் வேறு இடத்தில்: போல்ட் துளையின் நுணுக்கம், துளைக்குள் உட்காரும் உலோக வளையமான புஷ் இருக்கிறதா இல்லையா, பிஸ்டனைத் தள்ளும் முகத்தின் அளவு. மலிவு லீவரை மாட்டி நுனியை மேலும் கீழும் அசைத்தால் மூட்டில் ஆட்டம் தெரியும். சிவப்பு நிறம் வெயிலில் நின்று நின்று ஒரு கோடைக்குள் ரோஜா நிறமாக வெளுப்பதும் உண்டு. அது வெறும் அழகுப் பிரச்சினை, விட்டுவிடலாம்.

விட முடியாதது பிரேக் பக்கத்தில் நடப்பது. கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். லீவரை விட்டதும் மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்க வேண்டும். அப்படி வாங்கினால்தான் அதன் முன்னால் இருக்கும் ஒரு நுண்ணிய துளை திறந்து, குழாயில் உள்ள பிரேக் ஆயில் மேலே கப்புக்குத் திரும்ப முடியும். புதிய லீவரின் முகம் சற்றுத் தடிமனாக இருந்து பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளியே வைத்திருந்தால் அந்தத் துளை மூடியே இருக்கும். வீட்டு வாசலில் எல்லாம் சரியாகத் தெரியும். பிரேக் பிடிக்கப் பிடிக்க ஆயில் சூடாகி விரியும்; திரும்பப் போக வழியில்லை; விரிந்த ஆயில் பேடை டிஸ்க்கில் அழுத்தும்; உரசலில் இன்னும் சூடு; இன்னும் விரிவு. கடைசியில் முன்சக்கரம் இறுகிக்கொள்ளும். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையில் இறங்கும்போது இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே முகம் போல்ட்டிலிருந்து இருக்க வேண்டிய தூரம் பிசகினால் பிரேக்கின் உணர்வே மாறும். லீவர் ஒரு நெம்புகோல்தான். போல்ட்டிலிருந்து பிஸ்டனைத் தள்ளும் இடம் 20 மி.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். விரல் போல்ட்டிலிருந்து 100 மி.மீ. தூரத்தில் இழுத்தால் விரலின் பலம் ஐந்து மடங்காகப் பிஸ்டனுக்குப் போகும். விரல் 80 மி.மீ. தூரத்தில் இருந்தால் நான்கு மடங்குதான். அதே பிரேக் கிடைக்க விரல் கால் பங்கு கூடுதலாக அழுத்த வேண்டும். இத்தாலிய பிரேக் கம்பெனியான பிரெம்போவின் ஆர்.சி.எஸ். மாஸ்டர் சிலிண்டரில் அந்த உள்தூரத்தை 18-ஆகவும் 20-ஆகவும் மாற்ற ஒரு திருகு வைத்திருக்கிறார்கள். வெறும் 2 மி.மீ.தான், ஆனால் பிரேக் கடிக்கும் விதமே மாறிவிடும். பெயரில்லாத லீவரில் அந்த 2 மி.மீ. யாரும் கேட்காமலேயே மாறியிருக்க வாய்ப்பு உண்டு.

அதனால் என் கட்சி இதுதான்: பிரேக் பக்கம் அட்ஜஸ்டபிள் வேண்டுமென்றால் கம்பெனி கொடுப்பதையோ, உங்கள் மாடலுக்கென்றே செய்த நல்ல பிராண்டையோ வாங்குங்கள். இரண்டும் கட்டுப்படியாகவில்லை என்றால் சாதாரணக் கம்பெனி லீவரே போதும். கிளட்ச் பக்கம் நடுத்தர விலை சி.என்.சி. ஒன்றைப் பரீட்சித்துப் பார்ப்பதில் தப்பில்லை. கடைக்காரர் செட்டை உடைத்துத் தர மறுத்தால் இன்னொரு கடைக்குப் போகலாம்.

குட்டை லீவர், மடங்கும் லீவர்

இரண்டு விரலுக்கான குட்டை லீவர் ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் பார்க்க ஜோராக இருக்கும். நல்ல டிஸ்க்கும் இலகுவான கிளட்ச்சும் உள்ள வண்டிக்குப் பொருந்தும். டியூக் 390-இல் இரண்டு விரல் போதும். பழைய கிளாசிக் 350-இன் கனமான கிளட்ச்சுக்கு நீளம்தான் பலம். அங்கே குட்டை லீவர் போட்டு மவுண்ட் ரோடு நெரிசலில் ஒரு மாலை ஓட்டினால் முன்கை பிடித்துக்கொள்ளும்.

இங்கே ஒரு இடைச்செருகல். கிளட்ச் கனமாக இருக்கிறது என்று லீவர் மாற்ற வருபவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது புதிய கேபிள். லீவரிலிருந்து கேபிளைக் கழற்றி உள்கம்பியைக் கையால் இழுத்துப் பாருங்கள். கரகரவென்று வந்தால் கேபிள் உள்ளே தேய்ந்துவிட்டது. குண்டுக்குப் பக்கத்தில் ஓரிரு இழை பிரிந்திருந்தால் அது அறுந்துபோகும் நாள் பக்கத்தில் இருக்கிறது. கேபிளை மாற்றி, லீவர் போல்ட்டில் கொஞ்சம் கிரீஸ் வைத்தாலே பாதிப் பேருடைய குறை தீர்ந்துவிடும்.

மடங்கும் லீவர் ஸ்பிரிங் வைத்தது. விழும்போது வெளிப்பக்கமாக மடங்கி, பிறகு திரும்பும். மண்தடத்தில் அடிக்கடி விழுபவர்களுக்கு அது நியாயமான செலவு. ஊருக்குள் ஓட்டுபவர்களுக்குக் கூடுதலாக ஒரு மூட்டு, கூடுதலாக ஓர் ஆட்டம், அவ்வளவுதான். அதே பணத்தில் உள்ளே உலோகச் சட்டம் வைத்த ஹேண்ட் கார்டு (கைக்கும் லீவருக்கும் முன்னால் வரும் தடுப்பு) போட்டால் லீவரும் தப்பும், விரலும் தப்பும். வெறும் பிளாஸ்டிக் கார்டு காற்றைத் தடுக்கும், தரையைத் தடுக்காது. ஆஃப் ரோடு ஓட்டுபவர்கள் காசே செலவழிக்காமல் ஒரு வித்தை செய்வார்கள்: லீவரைத் தாங்கி ஹேண்டில் பாரைக் கவ்வியிருக்கும் யோக்குக்கு அடியில் பாரில் பிளம்பர்கள் சுற்றும் டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, யோக்கை அளவாக மட்டும் முறுக்குவது. விழும்போது யோக் பாரைச் சுற்றித் திரும்பிக்கொள்ளும், லீவர் உடையாது. ஓட்டும்போது கைக்கு அசையாத அளவுக்கு இறுக்கம் இருக்க வேண்டும், அது முக்கியம்.

லடாக் மாதிரி நீண்ட பயணம் போகிறவர்கள் எதை மாட்டியிருந்தாலும் பையில் போட்டுக்கொள்ள வேண்டியது கம்பெனி லீவர் ஒரு ஜோடி. வழியில் எந்த மெக்கானிக்கும் யோசிக்காமல் மாட்டிவிடுவார்.

டிரம் பிரேக், ஸ்கூட்டர்

முன்னால் டிரம் பிரேக் உள்ள கம்யூட்டர்களில் பிரேக் லீவரும் கேபிளைத்தான் இழுக்கிறது. மாஸ்டர் சிலிண்டர் சிக்கல் எதுவும் இல்லை. கம்பெனி லீவர் வாங்கி மாட்டிவிட்டு நகரலாம். ஸ்கூட்டரில் மட்டும் ஒரு எச்சரிக்கை. 125 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து கூட்டு பிரேக் அல்லது ஏ.பி.எஸ். கட்டாயம். கூட்டு பிரேக் ஸ்கூட்டரில் இடது லீவரைப் பிடித்தால் பின் பிரேக்கோடு முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். லீவர் எவ்வளவு தூரம் இழுக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் இரண்டுக்கும் பங்கு பிரிகிறது. அங்கே 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று விற்கும் லீவரை மாட்டக் கூடாது.

மாட்டும்போதும் மாட்டிய பிறகும்

டிஸ்க் பிரேக் லீவரைக் கழற்றினால் ஆயில் கொட்டும், பிளீடிங் (குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலை) செய்ய வேண்டும் என்று பயப்படுபவர்கள் உண்டு. தேவையே இல்லை. லீவர் பிஸ்டனை வெளியிலிருந்து தொடுகிறது, அவ்வளவே. பெரும்பாலான வண்டிகளில் அடியில் இருக்கும் நட்டைப் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் கழற்றி, மேலிருந்து போல்ட்டை எடுத்தால் லீவர் கையோடு வந்துவிடும். கிளட்ச் பக்கம் கேபிள் அட்ஜஸ்டரைத் தளர்த்தி, அதிலும் அதன் லாக் நட்டிலும் இருக்கும் வெட்டுகளை யோக்கின் வெட்டோடு ஒரே நேராகக் கொண்டுவந்தால் கேபிள் பக்கவாட்டில் நழுவி வெளியே வரும். இடுக்கி வைத்து இழுத்தால் கேபிள்தான் பிரியும்.

புதிய போல்ட்டில் கிரீஸ் தடவுங்கள், ஆனால் நட்டை வெறிகொண்டு முறுக்காதீர்கள். லீவர் தானாகத் துள்ளித் திரும்ப வேண்டும். கிளட்ச் லீவர் நுனியில் கொஞ்சம் வெறும் பிளே (கேபிளை இழுக்கத் தொடங்கும் முன் இருக்கும் வெற்று அசைவு) இருக்கட்டும்; சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும், அது கையேட்டில் இருக்கும். பிரேக் லீவரிலும் பிஸ்டனைத் தொடுவதற்கு முன் துளி இடைவெளி தெரிய வேண்டும். அதுவே இல்லை என்றால் அந்த லீவரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அரத்தால் ராவிச் சரிசெய்கிறேன் என்று மெக்கானிக் சொன்னாலும் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

பிறகு ஹேண்டில் பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, லீவர் டேங்கிலோ வைசரிலோ இடிக்கிறதா என்று பாருங்கள். பிரேக்கைப் பிடித்துப் பின்விளக்கு எரிகிறதா, விட்டதும் அணைகிறதா என்று சுவருக்கு முன் நிறுத்திச் சோதியுங்கள். சில லீவர்களில் சுவிட்சைத் தொடும் நாக்கின் அளவு பிசகியிருப்பதால் விளக்கு அணையாமலே எரியும், அல்லது எரியவே எரியாது. கியரில் கிளட்ச் பிடித்து ஸ்டார்ட் செய்யும் வண்டியென்றால் கிளட்ச் சுவிட்சையும் அப்படியே பாருங்கள்.

கடைசியாக, பக்கத்துத் தெருக்களில் பத்து நிமிடம் முன் பிரேக்கை நன்றாகப் பயன்படுத்தி ஓட்டிவிட்டு வாருங்கள். வண்டியை நியூட்ரலில் தள்ளிப் பாருங்கள். புறப்படும்போது உருண்ட அதே லேசில் உருள வேண்டும். இழுத்துப் பிடிக்கிறது என்றால் அதற்குமேல் ஓட்டாதீர்கள். பழைய லீவர் உடையாமல் இருந்தால் அன்றே அதைத் திரும்ப மாட்டுங்கள்.